மயில்துத்தம்

2020 ஆகஸ்டில் என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பதின்மூன்று மீன்களும் ஒரு டஜன் இறாலும் செத்தன. அவற்றைக் கொன்றது நான். "நத்தை வந்து எல்லாம் போச்சுங்க" என்றுதான் ஐந்து வருடமாகச் சொல்லிவந்தேன். வீட்டில் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொன்னேன். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. நத்தைக்கு வக்கீல் கிடையாது.

இப்போது இதை எழுதவைத்தவள் என் மகள். அவளிடம் பிறகு வருகிறேன். முதலில் தொட்டி.

2020 பொங்கல் விடுமுறையில் அவளைக் கொளத்தூருக்குக் கூட்டிப்போனேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். வரிசையாகக் கடைகள், மொட்டைமாடியில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு எடுக்கும் குடும்பங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினோம். கணக்குப்படி ஐம்பத்தாறு லிட்டர். மணல் போட்டபின் ஐம்பது லிட்டர் தண்ணீர் நின்றது. ஆறு நியான் டெட்ரா, இரண்டு கோரி, ஒன்பது கப்பி, சிவப்பு செர்ரி இறால் பன்னிரண்டு, ஒரு கட்டு வாலிஸ்நேரியா. பணம் கொடுக்கும்போது மகள் ஒரு கிண்ணத்தைக் காட்டினாள். அதில் கோலிக்குண்டு பருமனில் பொன் நிற நத்தைகள். "டேங்க்கைச் சுத்தமா வெச்சுக்கும் சார்" என்றான் கடைத் தம்பி. ஒன்று அறுபது ரூபாய். இரண்டு வாங்கினேன். இந்த நூற்றிருபது ரூபாயை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 25 அன்று நாடு முடங்கியது. நான் தணிக்கை வேலை பார்ப்பவன். அடுத்தவர் கணக்கில் எட்டணா உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். மடிக்கணினியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்யத் தொடங்கினேன். நான் திரும்பிப் பார்த்தால் கப்பிகள் கண்ணாடிக்கு வந்து வாலாட்டும். பசிதான் போலிருக்கிறது என்று ஒரு சிட்டிகை போடுவேன். காலை ஒரு தடவை, பதினோரு மணி டீயோடு ஒரு தடவை, மதியம், சாயங்காலம். இரவு ஒரு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் சண்டை போட்டு முடித்தபின் மனம் ஆற ஒரு தடவை. மீனுக்குப் பசியே இல்லை. எனக்குத்தான் கைக்கு வேலை வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் போட வேண்டும் என்பது மீன் வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். எனக்கும் தெரியும். தீனி டப்பாவின் முதுகிலேயே அச்சடித்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் வாலிஸ்நேரியா இலையின் அடிப்பக்கத்தில் ஜவ்வரிசிப் பாயசத்தைத் தடவியதுபோல ஏதோ ஒட்டியிருந்தது. அது முட்டை. செடிக்கட்டோடு ஒன்றிரண்டு குட்டி நத்தைகள் வந்திருக்கின்றன. மே மாதம் மிளகு அளவில் பத்து இருபது. ஜூனில் எண்ண முடியவில்லை.

பெயர் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஃபைசெல்லா அக்யூட்டா. வட அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய ஜாதி. ஆனால் அறிவியல் பெயர் வைத்தது 1805இல் பிரான்சில், டிராபர்னோ என்பவர். அங்கேயே பிறந்தது என்று நினைத்துவிட்டார் போல. ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். ஜோடி கிடைக்காவிட்டால் தன்னந்தனியாகவே முட்டையிட்டுக்கொள்ளும். அதன் ஓட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான நத்தைகளுக்கு நேர் எதிராகச் சுற்றியிருக்கும். சங்குகளில் லட்சத்தில் ஒன்றுபோல அகப்படுகிறது என்று விலை பேசுகிறார்களே வலம்புரிச் சங்கு, அது எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம். ஆயிரக்கணக்கில் வலம்புரிகளை வைத்துக்கொண்டு நான் விரலால் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

இது போதாதென்று மணலுக்குள் இன்னொரு கூட்டம் இருந்தது. நீளமாக, கூர்ப்பாக, சின்ன நாதஸ்வரம்போல. பகலில் மணலுக்குள் புதைந்துகிடக்கும். விளக்கை அணைத்தபின் வெளியே வரும். கடைகளில் இதற்கு மலேசியன் ட்ரம்பெட் என்று பெயர். முட்டையிடாது, குட்டி போடும்; ஆண் துணையே இல்லாமல் பெண்கள் பெண்களைப் பெற்றுத் தள்ளும். "மலேசியாவுலேருந்து வந்து நம்ம டேங்க்கை ஆக்கிரமிக்குது பாரு" என்று மகளிடம் சொன்னேன். அவளும் அதைத் தன் தோழிகளிடம் சொன்னாள். இந்தப் பொய்க்கு மட்டும் எனக்கு மன்னிப்பு உண்டு, தெரியாமல் சொன்னது. 1774இல் டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர் இந்த நத்தையை முதன்முதலாக விவரித்து எழுதியபோது, அதன் இருப்பிடமாகக் குறிப்பிட்டது சோழமண்டலக் கரையை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. நான் வந்தேறி என்று திட்டியது எங்கள் கடற்கரைக்காரனை.

நத்தை ஏன் பெருகுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். காற்றைத் தின்று எந்தப் பிராணியும் ஆயிரமாக முடியாது. மீன் தின்னாமல் மணலில் இறங்கிய தீனி, அழுகிய இலை, பாசி, எல்லாவற்றையும் தின்றுதான் அவை பெருகின. நான் ஒரு நாளைக்கு ஐந்து வேளை படியளந்தேன். அவை ஐந்து வேளையும் வரவு வைத்தன. ஜூலையில் கடைத் தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஃபுட்டைக் கம்மி பண்ணுங்க சார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க. ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டு உள்ள போட்டு வைங்க, காலையில அது மேல ஏறி இருக்கும், அப்படியே எடுத்துக் கொட்டிருங்க. ஒரு மாசத்துல தானாக் கொறஞ்சிரும்."

இதில் செலவு ஒரு வெள்ளரிக்காய். மருந்து விற்கத் தெரியாத பையன் என்று நினைத்துக்கொண்டேன். காசு கேட்காமல் சொன்ன யோசனை என்பதாலேயே அது எனக்கு மட்டமாகப் பட்டது. என் தொழிலில் இதே காரணத்துக்காக என்னைச் சட்டை செய்யாதவர்களை நான் எத்தனை பேரிடம் குறை சொல்லியிருப்பேன்.

இதற்கிடையில் தொட்டி நாறத் தொடங்கியிருந்தது. ஃபில்டர் பஞ்சில் கறுப்பாகச் சேறு. அதை எடுத்துக் குழாயடியில் வைத்து மெட்ரோ தண்ணீரில் வெளுக்க வெளுக்கப் பிழிந்து அலசினேன். ஒரு தொட்டியின் உயிர் அந்தப் பஞ்சில்தான் இருக்கிறது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றித் தருகிற பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த தண்ணீரில் நான் அவற்றைத்தான் வெளுத்தேன். தொட்டியிலிருந்து முகந்த தண்ணீரிலேயே லேசாக அலசியிருக்க வேண்டும். இதுவும் பாலபாடம்தான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு காலை. விளக்கைப் போட்டதும் என் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வந்து பாருங்களேன்." நான்கு பக்கக் கண்ணாடியிலும் ட்ரம்பெட் நத்தைகள். மணலுக்குள் இருக்க வேண்டியவை பட்டப்பகலில் மேலே ஏறி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. இருநூறாவது இருக்கும். எனக்கு உடம்பு கூசியது. படையெடுப்பு என்றுதான் தோன்றியது. மகளும் அதே வார்த்தையைச் சொன்னாள், என்னிடம் கற்றதுதானே.

இந்த வாக்குமூலத்தில் எனக்கு அதிகம் வலிக்கிற இடம் இதுதான். ட்ரம்பெட் நத்தை செவுளால் சுவாசிக்கிறது. மணலடியில் ஆக்ஸிஜன் குறைந்தாலோ தண்ணீர் கெட்டாலோ, இருக்கிற கொஞ்சநஞ்சப் பிராணவாயுவைத் தேடி அது மேலே ஏறும். பழகிய கைகள் இதைப் பார்த்தால் நத்தையை விட்டுவிட்டு முதலில் தண்ணீரைத்தான் மாற்றுவார்கள். கால்வாசித் தண்ணீரை வெளியேற்றி, குளோரின் போக்கிய தண்ணீர் ஊற்றி, ஏர் பம்ப்பைக் கூட்டி, இரண்டு நாள் தீனியை நிறுத்தியிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். வீடு பற்றி எரிகிறது என்று இருநூறு பேர் ஜன்னலில் வந்து நிற்கிறார்கள். நான் அவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கோபப்பட்டேன்.

அன்று மாலை நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கினேன். ஐம்பது கிராம் பொட்டலம். மயில் கழுத்து நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. செம்பு நத்தையைக் கொல்லும் என்று எங்கோ படித்திருந்தேன்; படித்தது சரிதான். செம்பு இறாலையும் கொல்லும், மீனின் செவுளையும் சிதைக்கும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. அந்த வரிகளைக் கண் தாண்டிப் போய்விட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாண்டவில்லை. படித்தேன், நம் தொட்டிக்கு அப்படி ஆகாது என்று முடிவு செய்தேன்.

அதற்குச் சாட்சி இருக்கிறது. மயில்துத்தத்தைக் கரைப்பதற்கு முன் பொன் நத்தைகள் இரண்டையும் எடுத்து ஒரு வாளியில் விட்டேன். நூற்றிருபது ரூபாய். விஷம் என்று தெரிந்துதான் செய்தேன் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இறாலை ஏன் எடுக்கவில்லை? பன்னிரண்டையும் செடிகளுக்குள் வலைபோட்டுப் பிடிக்க நேரமாகும். மணி ஒன்பது ஆகியிருந்தது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பவர்களின் கணக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் செம்பை ஒட்டியே நிற்கும். ஐம்பது லிட்டருக்குப் பத்து மில்லிகிராம். மயில்துத்தத்தில் கால்வாசிதான் செம்பு, ஆகவே நாற்பது மில்லிகிராம் மயில்துத்தம். எடையில் இரண்டு அரிசி மணிக்கு மேல் வராது. நான் போட்டது ஒரு சிட்டிகை. கையால். ஒரு மணி நேரம் கழித்தும் நத்தைகள் அசைந்துகொண்டிருந்தன, இன்னொரு சிட்டிகை. ஊரார் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாகப் பார்க்கிறவன் அன்றைக்கு ஒரு தராசைத் தேடவில்லை. போதாக்குறைக்கு எங்கள் தெருவில் அந்த மாதம் வந்தது மென்மையான மெட்ரோ தண்ணீர். கடினமான போர் தண்ணீரில் செம்பின் கொடுமை கொஞ்சமாவது மட்டுப்படும். மென்னீரில் முழு வீச்சில் இறங்கும்.

இன்னொரு விஷயம் பிற்பாடு படித்தது. நத்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பதே செம்புதான். நமக்கு இரும்பு எப்படியோ அப்படி. அது உயிர் வாழப் பயன்படுத்துகிற உலோகத்தையே வெளியிலிருந்து ஊற்றிக் கொன்றிருக்கிறேன்.

காலை ஆறு மணிக்கு இறால் பன்னிரண்டும் வெளுத்து மல்லாந்திருந்தன. நியான்கள் ஆறும் போயிருந்தன. அந்த நீலக்கோடு செத்தபின் சாம்பலாகிவிடுகிறது. கோரி இரண்டும் மதியத்துக்குள். கப்பிகளில் ஐந்து அடுத்த மூன்று நாளில். வலம்புரி நத்தைகள் மொத்தமாக உதிர்ந்து மணல்மேல் அழுகின; அந்த அழுகல் கிளப்பிய அம்மோனியாதான் கப்பிகளை முடித்திருக்க வேண்டும். நான்கு கப்பிகள் எப்படியோ பிழைத்தன.

மகள் எழுந்து வரும்முன் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டினேன். மயில்துத்தப் பொட்டலத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினேன் (விஷத்தை அரிசிக்குப் பக்கத்தில் வைத்த இந்தப் புத்திசாலித்தனத்துக்குத் தனிக் கட்டுரை எழுதலாம்). அவள் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"எங்கப்பா எல்லாம்?"

"நத்தை நோயைக் கொண்டுவந்துடுச்சும்மா. ராத்திரியே போயிடுச்சு."

அவள் அழவில்லை. கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு, "சனியன் பிடிச்ச நத்தை" என்றாள். அந்த வயதில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வசவு. என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின இரவு நீல விரலோடு நான் கை கழுவியதை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து ஓர் இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். மணலிலிருந்து ட்ரம்பெட் நத்தைகள் கொம்பை நீட்டிக்கொண்டு வெளியே வந்தன. அவற்றுக்கு ஓட்டை அடைக்க ஒரு மூடி உண்டு. கெட்ட காலத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். நான் கொல்லக் கிளம்பியவர்களில் பாதிப்பேர் உயிரோடு இருந்தார்கள். காப்பாற்ற வேண்டியவர்கள்தான் போயிருந்தார்கள். அக்டோபரில் புதிதாகப் பத்து இறால் வாங்கி விட்டேன். ஒரு வாரம் தாங்கவில்லை. செம்பு மணலில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும் என்பதை அதற்குப் பிறகு தெரிந்துகொண்டேன். "பாத்தியா, நத்தை இன்னும் இருக்கு, அதான்" என்று மகளிடம் சொன்னேன். இரண்டாவது தடவை பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பொன் நத்தைகள் வாளியில் சுகமாக இருந்தன. சுகம் என்றால், ஒன்று ஆண், ஒன்று பெண். நவம்பரில் வாளியின் விளிம்புக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே, இளஞ்சிவப்பில் தேன்கூடுபோல ஒரு கொத்து. மகளுக்கு ஒரே குதூகலம். மூன்று வாரத்தில் கடுகுக் கடுகாகக் குஞ்சுகள் இறங்கின. ஐம்பதுக்கு மேல். 2021 பிப்ரவரியில் அலுவலகம் திறந்தது. எனக்குத் தொட்டி அலுத்துவிட்டது. கப்பிகளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன். நத்தையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நான்தான் ஊரெல்லாம் அவற்றின் பெயரைக் கெடுத்து வைத்திருந்தேனே.

ஒரு சனிக்கிழமை மாலை வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் மகளுமாக எங்கள் பகுதி ஏரிக்குப் போனோம். மதகுக்குப் பக்கத்தில் இறங்கி, வாளியைச் சாய்த்தேன். "சுதந்திரமா இருக்கட்டும்மா" என்றேன். அவள் டாட்டா காட்டினாள். எதிர்க்கரையில் நத்தைகுத்தி நாரைகள் இரண்டு நின்றிருந்தன. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடைவெளி தெரியும் பறவை, நத்தைதான் அதற்குச் சோறு. எப்படியும் நாரை தின்றுவிடும் என்று ஒரு சமாதானமும் கைவசம் கிடைத்தது. சுதந்திரம் கொடுக்கிறேன் என்று மகளுக்கும், நாரை தின்றுவிடும் என்று எனக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டவனை என்னவென்பது?

அந்த ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள். இணைய வகுப்பில் அவள் ஒரு பக்கம் எழுதிப் படித்தாள்: தன் அப்பா நத்தைகளுக்கு ஏரியில் வீடு கொடுத்த கதை. ஆசிரியை கைதட்டச் சொன்னார். பக்கத்து அறையில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பொன் நத்தையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பொமேசியா பேரினம். இதன் நெருங்கிய உறவான பொமேசியா கனாலிகுலாட்டாவைத் தின்பதற்காக 1980ஐ ஒட்டித் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். ருசி பிடிக்கவில்லை, விற்கவில்லை, பண்ணைக்காரர்கள் கைவிட்டார்கள். அது வயலுக்குள் இறங்கியது. பிலிப்பைன்ஸ், வியட்நாம், தாய்லாந்து, ஜப்பான் என்று நாற்றுநட்ட வயல்களை மேய்ந்து தீர்த்தது. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவிகள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. ஸ்பெயினின் எப்ரோ டெல்டா நெல்வயல்களில் பொமேசியா நத்தைகள் புகுந்தபின், 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் பொமேசியா என்ற பேரினத்தையே உள்ளே விடக் கூடாது என்று தடை போட்டது. தாய்லாந்தில் இந்த நத்தையைத் தின்று நத்தைகுத்தி நாரைகள் பெருகின, நத்தை தீரவில்லை. என் நாரைச் சமாதானத்துக்கு அங்கேயே பதில் இருந்தது. கடைகளில் பொன் நிறத்தில் விற்பவை பெரும்பாலும் பொமேசியா டிஃப்யூஸா என்ற சாதுவான ஜாதி, பயிரை அவ்வளவாகத் தொடாது. ஆனால் வியாபாரத்தில் இரண்டும் ஒரே பெயரில் கலந்து ஓடுகின்றன. நான் வாங்கியது எது? விற்றவனுக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஏரிகளில் பெருத்துக் கிடக்கும் டேங்க் கிளீனர் மீனைப் பற்றிச் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் கொதிப்பவன் நான். வளர்க்கத் துப்பில்லாமல் ஏரியில் கொட்டுகிறார்களே, இவர்களையெல்லாம் என்ன செய்வது என்று காலைக் காப்பியோடு சத்தம் போடுவேன். வாளியைச் சாய்த்த பிறகும் இரண்டு தடவை சத்தம் போட்டிருக்கிறேன்.

இப்போது மகளிடம் வருகிறேன். இந்த ஆண்டு அவள் பதினோராம் வகுப்பு. விலங்கியலில் மெல்லுடலிகளுக்கு எடுத்துக்காட்டாக பைலா வருகிறது: நம் குளத்து நத்தை, ஊமச்சி என்று என் பாட்டி சொல்வாள். சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் மழை பிடித்தபின் வரப்போரம் பொறுக்கி வந்து, வேகவைத்து, ஊசியால் எடுத்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வைப்பாள். செவுளும் நுரையீரலும் இரண்டும் உள்ள பிராணி. வெயில் காலம் முழுக்கச் சேற்றுக்குள் மூடியைச் சாத்திக்கொண்டு தூங்கி, மழைக்கு எழுந்து வரும். அதன் முட்டை வெள்ளை. ஈர மண்ணில் பள்ளத்தில் இடும்.

புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அப்பா, ஆப்பிள் நத்தைன்னு போட்டிருக்கு. இதுதானே நாம ஏரியில விட்டது?"

இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குள் இதையெல்லாம் படித்திருந்தேன். பைலாவுக்கு அந்த ஏரி பிறந்த வீடு. நாம் விட்டது வேறு, அது இதன் பங்கைத் தின்ன வந்தது என்று சொல்ல வேண்டிய இடம். அவள் முகத்தில் ஐந்து வருடம் முன்பு டாட்டா காட்டிய அதே மலர்ச்சி.

"ஆமாம்மா" என்றேன்.

பெரிய பொய் ஒன்றும் இல்லை, ஒரே ஒரு சொல். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மீனைக் கொன்ற அன்றுகூட நான் நன்றாகத்தான் தூங்கினேன்.

இதை எழுதி முடித்து முதலில் அவளிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தாள். மயில்துத்தம் வரும் இடத்தில் நிறுத்தி, அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மறுபடி படித்தாள். முடித்ததும் தாள்களைச் சீராக அடுக்கி வைத்துவிட்டு, "இறாலை எடுத்திருக்கலாம்ல" என்றாள். பிறகு அன்று முழுக்கப் பேசவில்லை.

சனிக்கிழமை இரவு அவளே வந்து, அந்த முட்டைக் கொத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் பொரிக்காதாமே, உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றேன். தண்ணீருக்கு மேலே காற்றில்தான் அது பொரியும். மூழ்கினால் பெரும்பாலும் வீணாகிவிடும். கனாலிகுலாட்டாவின் முட்டையில் நஞ்சு உண்டு, வெறும் கையால் தொடக் கூடாது என்றும் சொன்னேன். மறுநாள் காலை ஒரு பழைய தோசைத் திருப்பியும் கையுறையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். மதகுச் சுவரில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஆகாயத்தாமரைத் தண்டுகளில், கிடந்த ஒரு கட்டுமரத் துண்டின் அடியில் எல்லாம் பார்த்தோம். இளஞ்சிவப்பாக எதுவும் இல்லை. ஒரே ஒரு காலி ஓடு கிடைத்தது, கறுத்துப்போனது. அது ஊமச்சியா மற்றதா என்று இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். நாங்கள் அன்று பார்த்தது ஒரு மதகும், அதை ஒட்டி நாற்பதடிக் கரையும்.